பிள்ளை பெற்றவளின் எடை

கைக்குழந்தை உள்ள வீட்டில் குழந்தையின் எடையைப் பற்றிக் கேட்டால் வீட்டார் அனைவரும் ஒரே குரலில் விடை கூறுவர். பிறந்தபோது எத்தனை கிலோ, ஒன்றரை மாதத்தில் தடுப்பூசிக்குச் சென்றபோது எத்தனை கிலோ என்பதெல்லாம் பாட்டிக்கும் அத்தைக்கும் மனப்பாடம். அங்கன்வாடியிலும் நிறுத்து, அட்டையில் குறித்துத் தருகின்றனர். அக்குழந்தையைப் பெற்றவள் இப்பொழுது எத்தனை கிலோ இருக்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். "அவளுக்கென்ன, பால் கொடுக்கிறாள் அல்லவா, கொஞ்சம் இளைத்திருக்கிறாள்" என்பதற்கு மேல் விடை கிடைப்பதில்லை.

அந்தக் "கொஞ்சம் இளைப்பு" பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஓர் ஆய்வாளனுக்கு இதில் என்ன வேலை என்று சில அன்பர்கள் எண்ணக்கூடும். 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, தறியில் அமர்ந்து நெய்வோரில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள். தார் சுற்றுவதும், பாவு புணைப்பதும் பெரும்பாலும் அவர்கள் கைவேலையே. வயலில் நாற்று நடவும் களையெடுப்பும் அவ்வாறே. ஆதலின் உறுப்பினர் குடும்பத்துத் தாய் ஒருத்தி நாளுக்கு நாள் தேய்வது சங்கத்தின் கவலையும் ஆகும்.

முதலில் இயல்பான இளைப்பு எது என்பதைத் தெரிந்துகொள்வோம். பிரசவம் ஆனவுடன் குழந்தை, நஞ்சு, நீர், குருதி ஆகியவற்றின் அளவில் 5 அல்லது 6 கிலோ ஒரே நாளில் குறைகிறது. உடலில் தேங்கிய நீர் அடுத்த சில வாரங்களில் வடிகிறது. இவை தவிர, கருவுற்ற காலத்தில் நன்றாக உண்டவளின் உடலில் இயற்கை 3, 4 கிலோ கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது. பால் சுரப்பதற்கென்றே வைத்த இருப்பு அது. அந்த இருப்பிலிருந்து மாதம் அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை கரைவதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. கருவுறுமுன் இருந்த எடையை அடைந்ததும் இளைப்பு நின்றுவிட வேண்டும். அதற்கும் கீழே எடை இறங்கத் தொடங்கினால், கரைவது சேமித்த கொழுப்பன்று. தாயின் சொந்தத் தசையும் வலிவுமே கரைகின்றன.

ஏழைக் குடும்பங்களில் இந்த எல்லை மிக அருகில் இருக்கிறது. கருவுற்ற காலத்தில் மொத்தமாகவே 6, 7 கிலோ மட்டும் கூடுகிற பெண்கள் நம்மிடையே பலர். பிரசவத்தன்றே அது முழுவதும் செலவாகிவிடுகிறது. பாலுக்கென்று கையிருப்பு ஏதும் இல்லாமலே அவள் பாலூட்டத் தொடங்குகிறாள்.

நூல் கொடுத்துத் துணி வாங்கும் கணக்கு நம் நெசவாளர் அனைவரும் அறிந்ததே. கொடுத்த நூலில் சேதாரத்தைக் கழித்தால் வந்த துணியின் எடை கிடைக்க வேண்டும். கஞ்சிப் பசையையும் தள்ளிப் பார்த்த பின்னர், வந்த துணி கொடுத்த நூலைவிட எடை மிகுந்திருந்தால், நெய்தவர் தம் வீட்டு நூலைப் போட்டு நெய்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். பாலூட்டும் தாயின் கணக்கும் இத்தகையதே. தாய்ப்பால் ஒன்றையே பருகும் குழந்தைக்கு அவள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லி பால் தருகிறாள். அப்பாலில் உள்ள சக்தி மட்டும் 500 கலோரி அளவில் இருக்கும். அதைச் சுரப்பதற்கு உடல் செய்யும் செலவு தனி. இக்காரணத்தால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில், முதல் ஆறு மாதம் நாள்தோறும் 600 கலோரியும், அடுத்த ஆறு மாதம் 520 கலோரியும் தாய்க்கு மிகுதியாகத் தேவை என்று கூறியுள்ளன. புரதம் முதல் ஆறு மாதத்தில் ஏறத்தாழ 17 கிராம் கூடுதலாக வேண்டும். நடுத்தர உழைப்புள்ள பெண்ணுக்கு வழக்கமாக வேண்டுவது 2130 கலோரி. ஆகவே பாலூட்டுபவளுக்கு 2700-க்கு மேல் வேண்டியிருக்கிறது. நாள் முழுதும் தறி மிதிப்பவளுக்கோ, நடவு நடுபவளுக்கோ இதுவும் போதாது.

நம் வீடுகளில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. பிரசவத்துக்குப் பின் தாயின் உணவு பெருகுவதற்குப் பதிலாகச் சுருங்கிவிடுகிறது. பத்தியம் என்ற பெயரால் பழம் கூடாது, தயிர் கூடாது, கீரை கூடாது, பருப்பு வாயு, தேங்காய் மந்தம் என்று ஒவ்வொன்றாக விலக்கப்படுகிறது. தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று அதையும் அளந்து ஊற்றுகின்ற வீடுகள் இன்றும் உண்டு. எஞ்சுவது வடித்த சோறும், பூண்டும் மிளகும் போட்ட குழம்பும். அதுவும் வீட்டார் உண்டு முடித்த பிறகு, குழந்தை தூங்கும் நேரம் பார்த்து அவசரமாக விழுங்குவதாக அமைகிறது.

பத்தியம் முழுவதையும் பழிப்பது என் கருத்தன்று. பூண்டு, வெந்தயம், முருங்கைக் கீரை ஆகியவற்றைத் தாய்க்கு ஊட்டும் பழக்கம் நல்லதே. கடலோர ஊர்களில் சுறாப்புட்டு செய்து தரும் பாட்டிமாரின் அன்பையும் யாரும் குறை கூற மாட்டார். ஆனால் பெருஞ்சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்று இன்று தெரிந்திருப்பதால், நெத்தலி, மத்தி போன்ற சிறு மீன்களே மேலானவை. நான் கடிந்து சொல்வதெல்லாம் விலக்குகளைப் பற்றியதே. பழமும் கீரையும் பருப்பும் தாய்க்குத் தீங்கு செய்வதில்லை. தாகம் எடுக்கும்போது தண்ணீர் தர மறுப்பதால் வயிறு சுருங்குவதும் இல்லை. மலச்சிக்கலும் நீர்க்கடுப்புமே மிஞ்சும்.

இவ்வளவு குறைவாக உண்டும் பால் சுரக்கிறதே, எவ்வாறு என்று கேட்கலாம். இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் நம் நாட்டவர். நெசவுக்குப் பெயர்பெற்ற சேலத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் சி. கோபாலன், குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய காலத்தில், ஏழைத் தாய்மாரின் பால் சுரப்பை ஆராய்ந்து 1958-இல் முடிவுகளை வெளியிட்டார். மிகக் குறைந்த உணவு உண்ட தாய்மாரும் பல மாதங்கள் தொடர்ந்து கணிசமான பால் சுரந்ததை அவர் கண்டார். அந்தக் கூடமே பின்னர் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. பின்னர் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டிலும், கெனேபா என்னும் சிற்றூரில் பாலூட்டும் தாய்மாருக்கு மிகுதியான உணவு கொடுத்துப் பார்த்தனர். 1980-களின் தொடக்கத்தில் வெளிவந்த அந்த முடிவுகளின்படி, பாலின் அளவு கூடவில்லை. தாயின் உடல் நிலையே சிறிது தேறியது.

இதன் பொருளை நன்கு உணர வேண்டும். உணவு குறைந்தால் உடல் பாலைக் குறைப்பதற்கு முன் தாயையே குறைக்கிறது. குழந்தை கொழுகொழுவென்று வளர்வதைப் பார்த்து, "தாயும் நலம், சேயும் நலம்" என்று எழுதிவிடுவது தவறான கணக்கு. குழந்தையின் எடை ஏறிக்கொண்டே இருக்கும்போது தாயின் எடை இறங்கிக்கொண்டே இருக்கலாம். தனித்தனியாக நிறுத்தால் அன்றி இது வெளிப்படாது.

பாலின் அளவு குறையாவிடினும், அதிலுள்ள சில சத்துக்கள் தாயின் உணவையே நம்பியிருக்கின்றன. பி1 என்னும் வைட்டமின் அவற்றுள் ஒன்று. நன்றாகத் தீட்டிய பச்சரிசியைப் பலமுறை கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டி, பருப்பும் காயும் இல்லாமல் உண்ணும் தாயின் பாலில் அது மிகவும் குறைந்துபோகும். அப்பாலைப் பருகும் குழந்தைக்கு இரண்டு மூன்று மாதத்தில் பெரிபெரி நோய் திடீரென்று கண்டு உயிரையே பறிப்பதுண்டு. பார்வைக்குக் கொழுத்த குழந்தைகளே இந்நோய்க்கு இரையாவதை அக்கால வைத்தியர்கள் கண்டிருக்கின்றனர். குன்னூர்க் கூடம் 1918-இல் தொடங்கியதே பெரிபெரியைப் பற்றிய விசாரணைக்காகத்தான். நம் புழுங்கலரிசியில் இச்சத்து பெருமளவு தங்கிவிடுகிறது என்பது நம் முன்னோர் செய்த நற்பேறு.

நிற்க. உண்பதெல்லாம் உண்டும் இளைக்கும் தாய்மாரும் இருக்கின்றனர். இவர்களைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும்.

போர்வை நெய்யும் சங்கம் ஒன்றுக்குச் சென்றிருந்தபோது, கூலிப் பட்டியலில் ஓர் உறுப்பினரின் வருமானம் பாதியாகக் குறைந்திருந்ததைக் கண்டு விசாரித்தேன். பெயர் மருமகளுடையது, பிரசவமாகி நான்கு மாதம். வீடு அருகிலேயே இருந்தது. மாமனார் திண்ணையில் பேரனை மடியில் வைத்திருந்தார்.

"பெரியவரே, மருமகளுக்கு உடம்புக்கு ஏதேனும் தொந்தரவா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒன்றுமில்லைங்க சார். பையனைப் பாருங்கள், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான். இவன் குடிக்கிறான், அவள் கரைகிறாள். பிள்ளை பெற்றால் அப்படித்தானுங்களே" என்றார் அவர்.

மாமியார் அவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை. "மூன்று வேளையும் சோறு நன்றாகத்தான் சாப்பிடுகிறாளுங்க. நான் குறை வைப்பதில்லை. ஆனால் இழை அறுந்தால் முடி போட வரமாட்டேன் என்கிறது, கை நடுங்குகிறது. இந்த மார்கழிக் குளிரிலும் வியர்க்கிறது" என்றார். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அட்டையில் எழுதிய எடை 46 கிலோ. சங்கத்தில் நூல் நிறுக்கும் தராசில் அன்று நின்றபோது 39.

அரசு மருத்துவமனையில் குருதியைச் சோதித்துத் தைராய்டுக் கோளாறு என்றனர். கழுத்தில் உள்ள தைராய்டுச் சுரப்பி, உடல் உணவை எரிக்கும் வேகத்தை நடத்துவது. கருவுற்ற காலத்தில் அடங்கியிருக்கும் உடலின் தற்காப்புச் சக்தி, பிரசவத்துக்குப் பின் மீண்டும் எழும்போது, சிலருக்குத் தம் சுரப்பியையே பகையென்று கருதித் தாக்கிவிடுகிறது. களஞ்சியச் சுவர் இடிந்து நெல் சரிவதுபோல, சுரப்பியில் சேமித்திருந்த நீர் அளவுக்கு மீறிக் குருதியில் கலக்கிறது. படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, எவ்வளவு உண்டாலும் இளைப்பு ஆகியவை அதன் விளைவு. பிரசவமான ஓராண்டுக்குள் நூறு தாய்மாரில் ஏறத்தாழ ஐவருக்கு இந்நிலை வருவதாகக் கணக்கிட்டுள்ளனர். சில மாதங்களில் களஞ்சியம் காலியானதும் நிலைமை தலைகீழாக மாறும். சோர்வும், குளிர் தாங்காமையும், உடல் ஊதுவதும் தொடங்கும். பெரும்பாலோருக்கு ஓராண்டில் சரியாகிவிடும். சிலருக்குக் குறைபாடு நிலைத்து, நாள்தோறும் மாத்திரை உண்ண நேரும். ஆகையால் ஒருமுறை சோதித்ததோடு நில்லாமல் மறுமுறையும் சோதிப்பது அவசியம்.

அப்பெண்ணுக்கு இதயப் படபடப்பை அடக்கும் மாத்திரையைச் சில வாரங்கள் கொடுத்தனர். பாலை நிறுத்த வேண்டியதில்லை என்றும் தெளிவாகச் சொன்னார்கள். மறு ஆய்வுக்கு நான் சென்றபோது எடை 43 ஆகியிருந்தது. ஆனால் இப்பொழுது சுரப்பு குறைந்துவிட்டதாகவும், மீண்டும் சோதனைக்குச் செல்ல வேண்டும் என்றும் மாமியார் கூறினார். தறியில் இன்னும் அரை நாளே அமர்கிறாளாம். கை நடுக்கத்தைப் பார்த்துச் சொன்ன அந்த மூதாட்டியின் கூர்மையை நான் மிகவும் மெச்சுகிறேன். "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்ற ஒரு வாக்கியத்தில் எத்தனையோ நோய்கள் ஒளிந்துகொள்கின்றன.

காசநோய் அவற்றுள் முதன்மையானது. பிரசவத்துக்குப் பின் வரும் மாதங்களில் அது தலைதூக்குவது மிகுதி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை ஆகியவற்றுடன் எடை குறைந்தால் சளியைச் சோதிக்கத் தாமதம் கூடாது. சோதனையும் மருந்தும் இலவசம். மருந்துண்ணும் காலத்தில் சத்துணவுக்கென்று அரசு தரும் தொகையும் 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாயாக உயர்ந்துள்ளது. தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். கருவுற்ற காலத்தில் சர்க்கரை இருந்தவர்கள் பிரசவமான ஆறாவது வாரத்தில் எப்படியும் சோதித்துக்கொள்ள வேண்டும். குருதிச் சோகை, நீடித்த வயிற்றுப்போக்கு முதலியவையும் உண்டு.

மனச்சோர்வைப் பற்றி வாய் திறந்து பேசுவோர் குறைவு. குழந்தை தூங்கினாலும் தான் தூங்காமல், தட்டில் வைத்த சோற்றை அளைந்துவிட்டு எழுந்து, காரணமின்றி அழும் தாயைப் "பேய் பார்த்திருக்கிறது" என்று கோடங்கியிடம் அழைத்துப் போவோர் இன்னும் இருக்கின்றனர். இதுவும் மருத்துவர் தீர்க்கும் நோயே.

தாய் இளைக்கிறாள் என்றவுடன் பாலை மறக்கடித்துப் புட்டிப்பால் வாங்கச் சொல்லும் உறவினர் எங்கும் உண்டு. இந்த யோசனையை ஏற்க வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பின்னர் பிற உணவுடன் இரண்டு ஆண்டு வரை தாய்ப்பால் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மாவுப்பால் விளம்பரத்தை 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. மாவுப்பால் டப்பாவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைத் தாயின் தட்டில் போட்டாலே போதும்.

அந்த 600 கலோரிக்குப் பெரும் செலவு ஆகுமோ என்று மலைக்க வேண்டாம். 50 கிராம் கேழ்வரகு மாவில் காய்ச்சிய கூழ், ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் சிறு துண்டு வெல்லமும், ஒரு முட்டை, வழக்கத்துக்கு மேல் 30 கிராம் பருப்பு, ஒரு வாழைப்பழம் ஆகியவற்றைக் கூட்டினால் கணக்கு நேராகிவிடும். புரதமும் 20 கிராமுக்கு மேல் வரும். முட்டை உண்ணாதவர்கள் ஒரு டம்ளர் பால் சேர்த்துக்கொள்ளலாம். கடலை விளைவிக்கும் நம் உழவர் உறுப்பினர்கள் மூட்டை முழுவதையும் மண்டிக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் பாலூட்டும் பெண்ணுக்கு ஒரு படி வைக்காமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே மிகுகிறது. ஒரே வேளையில் இவ்வளவும் உண்ண முடியாது. குழந்தைக்குப் பால் கொடுக்க அமரும்போதெல்லாம் தாயின் கையிலும் ஏதேனும் ஒன்றைக் கொடுப்பது எளிய வழி.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரசவமான ஆறு மாதம் வரை அங்கன்வாடி வழியாக 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் உள்ள உணவைத் தாய்க்கு உரிமையாக்கியிருக்கிறது. ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் கூடுதல் அளவும் இதுவே என்பதைக் கவனிக்க. ஆனால் அந்தச் சத்துமாவு வீட்டுக்கு வந்ததும் உருண்டையாகி எல்லாருக்கும் பங்கிடப்படுகிறது. கறவை மாட்டுக்கு வைத்த புண்ணாக்கை வேறு மாட்டுக்குப் பிரித்து வைக்கத் துணியாத வீட்டார், இதில் மட்டும் தாராளம் காட்டுகின்றனர்.

வேலையைப் பற்றி ஒரு சொல். 2017-இல் 26 வாரமாக உயர்த்தப்பட்ட ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு, வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்பவளுக்கு எட்டுவதில்லை. நெய்தால்தான் கூலி. இந்நிலையில், பிரசவமான உறுப்பினருக்குச் சில மாதங்கள் மிதிக்கும் வேலையைத் தவிர்த்து, தார் சுற்றுவது போன்ற இலகுவான வேலையை ஒதுக்கித் தரச் சங்க நிர்வாகக் குழு தீர்மானம் போடலாம். நூல் நிறுக்கும் தராசில் மாதம் ஒருமுறை, கூலி வாங்க வரும் நாளிலேயே, தாயை நிறுத்து அவள் பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைப்பதற்குத் தீர்மானம்கூட வேண்டியதில்லை. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 41½ கிலோவுக்குக் கீழே இருப்பது குறைந்த எடை. கருவுறுமுன் இருந்த எடைக்குக் கீழே இரண்டு மாதம் தொடர்ந்து இறங்கினால், எந்த எடையாயினும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

இரும்புச் சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பின்னரும் 180 நாள் உண்ண வேண்டியது. பலர் வீட்டில் அது பரணில் கிடக்கிறது. உண்போரும் காலைக் காப்பியோடு விழுங்கிவிடுகின்றனர். காப்பியும் தேநீரும் இரும்பை உடலில் சேர விடுவதில்லை. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதனோடு சேர்த்து உண்ணக் கூடாது. அதைக் காலையிலும் பகலிலும் உணவோடு உண்டு, இரும்பு மாத்திரையை இரவு உணவுக்குப் பின் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு எடுத்துக்கொள்வது நலம்.